நகரப் பூங்காவில் நிலத்தடி நீரூட்டும் குளம் அமைத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கை ஆறு மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கமாகக் கடனீரேரியை அடைகின்றது. ஆகவே, குடாநாட்டுக் கமக்காரர் தோட்டத்துக்கு இறைப்பதும், மக்கள் குடிப்பதும் பெரும்பாலும் கிணற்று நீரே. அக்கிணற்று நீரோ மழையிலிருந்து வருவது. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 50 அங்குல மழை பெய்கின்றது. அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுள் பெய்து முடிந்துவிடும். அம்மூன்று மாதங்களில் நிலத்துள் இறங்கும் நீரைக் கொண்டே எஞ்சிய ஒன்பது மாதங்களையும் கழித்தல் வேண்டும்.

நிலத்துள் இறங்காத மழைநீர் வாய்க்கால் வழியாகக் கடலைச் சேர்கின்றது. நகரங்களில் கூரைகளும், தார் வீதிகளும், சீமெந்து முற்றங்களும் பெருகப் பெருக, இவ்வாறு வீணாகும் நீரும் பெருகுகின்றது. நகரத்தில் இன்னும் திறந்த மண்ணாக எஞ்சியிருக்கும் பெருநிலங்களுள் பொதுப் பூங்காக்களும், கோயில் வீதிகளும், பாடசாலை மைதானங்களும் முக்கியமானவை. பூங்கா ஒன்றில் நிலத்தடி நீரூட்டும் குளத்தை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதை இப்பிரசுரம் விளக்குகின்றது. இங்குக் கூறப்படும் முறைகள் கிராமத்துப் பொதுக் காணிகளுக்கும் பொருந்தும்.

நகரப் பூங்காவும் கமக்காரரும்

பூங்காவில் வெட்டப்படும் குளத்தினால் கமக்காரருக்கு யாது பயன் எனச் சிலர் வினவலாம். குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்புக்களும் குகைகளும் நிறைந்த சுண்ணக்கல். மழைநீர் அக்கல்லின் இடுக்குகளில் இறங்கி, உப்பு நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. இப்படை நடுவில் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும், வில்லைபோல் அமைந்துள்ளது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை ஆகிய நாற்பகுதிகளிலும் இத்தகைய நன்னீர்ப் படைகள் உள்ளன.

வலிகாமத்தில் நகரத்தார் குடிக்கும் நீரும், தோட்டத்தார் இறைக்கும் நீரும் ஒரே படையைச் சேர்ந்தவை. நல்லூர், கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலி ஆகிய இடங்களில் வீடுகளும் தோட்டங்களும் அடுத்தடுத்து உள்ளன. யாழ்ப்பாண நகரின் குழாய் நீரில் ஒரு பகுதி நெடுங்காலமாகக் கோண்டாவில், திருநெல்வேலிப் பகுதிக் கிணறுகளிலிருந்தே பெறப்பட்டு வந்தது. வேலியும் மதிலும் நிலத்தின் மேல்தான் உண்டு. நிலத்தடி நீருக்கு அவை இல்லை.

நன்னீரிலும் உப்பு நீர் சற்றுக் கனமானது. இதனால், நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்திருக்குமாயின், கடல் மட்டத்துக்குக் கீழ் ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதன் மறுபுறத்தையும் கவனித்தல் வேண்டும். மேல் மட்டம் ஓர் அடி குறைந்து அவ்வாறே நீடிக்குமாயின், கீழிருந்து உவர் நீர் பல அடி மேலெழும். கோடையில் கிணறு வற்றாதிருந்தும் நீர் உவர்ப்பதற்குக் காரணம் இதுவே. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர் நீரும் இருப்பது பலரும் அறிந்தது. ஆகவே, மாரியில் நன்னீர் மட்டத்தைச் சிறிது உயர்த்தினாலும், அச்சிறிய உயர்வு கீழிருக்கும் உவரை எதிர்த்து நிற்கும் பலமாகின்றது.

தேக்கும் குளமும் ஊட்டும் குளமும்

வயலுக்கு நீர் பாய்ச்சும் குளத்தில் நீர் நெடுநாள் நிற்பதே சிறப்பு. நீரூட்டும் குளத்துக்கோ நீர் விரைவில் வற்றுவதே சிறப்பு. மழை பெய்த மூன்று நாட்களுள் அதன் அடி தெரிதல் வேண்டும். இவ்வேறுபாட்டை உணராமையினாலேயே பல குளங்கள் பயனற்றுப் போகின்றன. நீர் எப்போதும் நின்றால் அழகாயிருக்கும் எனக் கருதி, அடியைக் களிமண்ணால் மெழுகுவதும், சீமெந்து பூசுவதும், பிளாத்திக்கு விரிப்பதும் உண்டு. அத்தகைய குளத்திலிருந்து வெயில் நாளொன்றுக்குக் கால் அங்குலம் வரை நீரை உறிஞ்சுகின்றது. நிலத்துக்கு ஒரு துளியும் சேர்வதில்லை. நீண்ட நாள் நிற்கும் நீரில் நுளம்பும் பெருகும். நுளம்பின் முட்டை வளர்ந்து பறக்கும் நுளம்பாக ஏறக்குறைய ஒரு வாரம் செல்லும். மூன்று நாட்களில் வற்றும் குளத்தில் அதற்கு இடமில்லை.

நகர சபையோ பிரதேச சபையோ இத்தகைய வேலையைத் தொடங்கும்போது, குளத்தின் அடி மூடப்படுகின்றதா, திறந்துள்ளதா என்பதையே கமக்காரர் அமைப்புக்கள் முதலில் கேட்டறிதல் வேண்டும். கரையைக் கல்லால் கட்டுவதில் தீங்கில்லை. அடி மட்டும் மண்ணாகவே இருத்தல் வேண்டும்.

இடந் தெரிதல்

பூங்காவின் தாழ்ந்த பகுதியே நீர் தானாக வந்து சேரும் இடம். எனினும், அவ்விடம் பின்வரும் நிபந்தனைகளுக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும்.

1. மார்கழி, தை மாதங்களில் அயற்கிணறுகளின் நீர்மட்டத்தை அளத்தல் வேண்டும். குளத்தின் அடிக்கும் அந்த உச்ச நீர்மட்டத்துக்கும் இடையே 4 அடியேனும் இருத்தல் அவசியம். இரண்டு அடி ஆழமான குளத்துக்கு, மாரியில் நிலமட்டத்திலிருந்து 6 அடிக்குக் கீழேயே நீர் காணப்படல் வேண்டும். கடலோரத் தாழ்நிலங்களில் இந்நிபந்தனை பெரும்பாலும் நிறைவேறாது. அவ்விடங்களில் குளம் வெட்டினால் நிலத்தடி நீரே வெளிப்பட்டு வெயிலிற் காயும்.

2. குளத்தின் அடிக்கும் சுண்ணக்கல்லுக்கும் இடையே 3 அடிக்குக் குறையாத மண் இருத்தல் வேண்டும். மண்ணே நீரை வடிக்கும் அரிதட்டு. வெடிப்புள்ள கல் நேரே வெளிப்பட்டால், அழுக்கு வடிபடாது கிணறுகளைச் சேரும்.

3. மலசலகூடக் குழிகள், குப்பைக் கிடங்குகள், எரிபொருள் நிலையங்கள் ஆகியவற்றுக்கு 100 அடிக்குட்பட்ட இடம் ஆகாது.

4. பெருமரங்களின் வேர்ப்பரப்பையும் கட்டடங்களின் அத்திவாரங்களையும் விட்டு விலகியிருத்தல் வேண்டும்.

மண்ணைச் சோதித்தல்

உரும்பிராய், கோப்பாய்ப் பக்கங்களிற் காணப்படும் செம்மண் நீரை நன்கு உறிஞ்சும். நரைமண்ணும் களிப்பாங்கான மண்ணும் மெதுவாகவே உறிஞ்சும். கண்ணாற் பார்த்து முடிவு செய்தலாகாது. குளம் அமையவிருக்கும் இடத்தில் மூன்று வெவ்வேறு புள்ளிகளில், குளத்தின் அடிமட்டம் வரை, ஓர் அடி அகலமும் ஓர் அடி நீளமும் உள்ள குழிகளை வெட்டுக. குழியை நீரால் நிரப்பி, வற்ற வற்ற மீண்டும் நிரப்பிப் பல மணி நேரம் ஊறவிடுக. பின்னர் 6 அங்குல ஆழத்துக்கு நீர் விட்டு, அங்குலம் குறிக்கப்பட்ட தடி ஒன்றை நட்டு, ஒரு மணி நேரத்தில் நீர் எவ்வளவு இறங்குகின்றது எனக் காண்க. அடுத்தடுத்து இரு அளவுகள் ஒத்துவரும் வரை இதனைத் திரும்பச் செய்க.

மூன்று குழிகளுள் மிகக் குறைந்த அளவையே எடுத்துக்கொண்டு, அதிலும் பாதியையே நம்புதல் வேண்டும். காலஞ் செல்ல வண்டல் படிந்து உறிஞ்சும் வேகம் குறையும். மணிக்கு அரை அங்குலத்துக்குக் குறைவாக நீர் இறங்கும் நிலம் இவ்வேலைக்கு ஏற்றதன்று. ஒரு குழியில் மட்டும் நீர் சடுதியாக மறையுமாயின், அடியிற் கல்வெடிப்பு உண்டென ஐயுற்று அவ்விடத்தைக் கைவிடுக.

குளத்தின் அளவைக் கணித்தல்

4 ஏக்கர், அஃதாவது 64 பரப்பு உள்ள பூங்கா ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு ஏக்கர் கூரையும் நடைபாதையுமாகவும், மூன்று ஏக்கர் புற்றரையாகவும் உள்ளன எனக் கொள்க. ஒரு நாளில் 2 அங்குல மழை பெய்யின், கூரையிலும் பாதையிலும் விழும் நீரில் பத்தில் எட்டுப் பங்கும், புற்றரையில் விழும் நீரில் பத்தில் இரண்டு பங்கும் ஓடிவரும் என மதிக்கலாம்.

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. 2 அங்குலம் ஓர் அடியில் ஆறிலொன்று.

கூரையும் பாதையும்: 43,560 சதுர அடியின் ஆறிலொன்று 7,260, அதிற் பத்தில் எட்டு 5,808 கன அடி.

புற்றரை: 1,30,680 சதுர அடியின் ஆறிலொன்று 21,780, அதிற் பத்தில் இரண்டு 4,356 கன அடி.

மொத்தம்: 10,164 கன அடி.

மண்சோதனையில் நீர் மணிக்கு ஓர் அங்குலம் இறங்கியது எனின், அதிற் பாதியான அரை அங்குலத்தையே கணக்கிற் கொள்ளல் வேண்டும். அது நாளொன்றுக்கு ஓர் அடியாகும். எனவே, 2 அடி ஆழமான நீர் இரண்டு நாட்களில் வற்றும். இது மூன்று நாள் என்னும் எல்லைக்குட்பட்டது. குளத்தின் ஆழம் 2 அடி எனத் தீர்மானிக்கலாம்.

பாதி ஆழத்தில் 100 அடி நீளமும் 54 அடி அகலமும் அமையுமாறு வெட்டினால், குளம் ஏறக்குறைய 10,800 கன அடி நீரைக் கொள்ளும். இது வேண்டிய அளவுக்குச் சற்றுக் கூடுதலானது. கரைகள் ஓர் அடி இறங்குவதற்கு மூன்று அடி நீளும் சரிவுடையனவாக இருத்தல் வேண்டும். அப்போது அடித்தளம் 94 அடிக்கு 48 அடியாகவும், நீரின் மேற்பரப்பு 106 அடிக்கு 60 அடியாகவும் அமையும். நீர்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்குக் கரை விட்டால், முழுக் குளமும் மூன்று பரப்புக்கு உட்பட்ட நிலத்தில் அடங்கும். அறுபத்து நான்கு பரப்பில் மூன்று பரப்பே இதற்குச் செல்கின்றது. வறண்ட மாதங்களில் அதுவும் பிள்ளைகள் விளையாடும் புற்றரையாகவே இருக்கும்.

மண் மெதுவாக உறிஞ்சும் இடங்களில் குளத்தை ஆழமாக்குவது பிழை. ஆழத்தைக் குறைத்துப் பரப்பைக் கூட்டுதலே முறை.

அமைக்கும் முறை

வேலையை ஆடி, ஆவணி மாதங்களில், மண் உலர்ந்திருக்கும்போது செய்தல் வேண்டும். பார இயந்திரங்கள் குளத்தின் அடியில் ஏறினால் மண் இறுகி, நீர் இறங்காது. இயந்திரத்தைக் கரையில் நிறுத்தியே தோண்டுக. வெட்டி முடிந்தபின் அடி மண்ணை ஓர் அடி ஆழத்துக்குக் கொத்திப் பொலபொலப்பாக்கி, மேடு பள்ளமின்றிச் சமப்படுத்துக. பள்ளங்கள் இருப்பின் அவற்றில் நீர் தங்கி நுளம்பு பெருகும்.

நீர் நேரே குளத்துள் விழலாகாது. முதலில் வண்டற் குழி ஒன்றினுட் புகுந்து, அங்கு மண்ணையும் சருகையும் விட்டு, மேல்நீர் மட்டும் குளத்துட் செல்லல் வேண்டும். வண்டற் குழி குளத்தின் பரப்பிற் பத்திலொரு பங்கு இருப்பின் போதுமானது. அதன் வாயிலில் கற்களைப் பரப்பினால் நீரின் வேகம் தணியும், கரையும் அரிக்கப்படாது.

வண்டற் குழிக்கு முன்னால் பலகை மதகு ஒன்று வைத்தல் நன்று. கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழைகள் கூரையிலும் பாதையிலும் படிந்த தூசி, எண்ணெய், விலங்கின் எச்சம் ஆகியவற்றைக் கழுவிக்கொண்டு வரும். அந்நீரை மதகினால் மறித்து வீதி வாய்க்காலுக்கு விடுக. நீர் தெளிந்து வரத்தொடங்கிய பின்னரே குளத்துக்குத் திறந்துவிடுக.

அடியிலிருந்து 2 அடி உயரத்தில், கல் பதித்த 6 அடி அகலமான வான் ஒன்று அமைத்தல் வேண்டும். 2008 கார்த்திகையில் நிஷா புயலினாற் குடாநாடு வெள்ளத்தில் மூழ்கியதைப் பலரும் மறந்திரார். அத்தகைய மழைக்கு எந்தப் பூங்காக் குளமும் போதாது. மிகுதி நீர் கரையை உடைக்காது வாய்க்காலுக்குச் செல்ல வழியிருத்தல் வேண்டும்.

அடியிலும் கரையிலும் அறுகம்புல்லை நடுக. புல்வேர் மண்ணைப் பிடித்திருப்பதோடு நீர் இறங்கும் வழிகளையும் திறந்து வைக்கின்றது. மருது போன்ற நிழல் மரங்களைக் கரைக்கு வெளியே, சற்றுத் தொலைவில் நடலாம். கரை சரிவாக இருத்தலால், பிள்ளை தவறி இறங்கினாலும் எளிதில் ஏறிவரலாம். எனினும், ஆழங் குறித்த தூண் ஒன்றும் எச்சரிக்கைப் பலகை ஒன்றும் நிறுத்துதல் கடமை.

தூய நீரே ஊட்டத் தக்கது

நிலத்துள் எதை இறக்குகின்றோமோ அதையே கிணற்றில் மீண்டும் அள்ளுகின்றோம். 2010களில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்து, மக்கள் குடிநீருக்கு இடர்ப்பட்டமை இவ்வுண்மையை நன்கு காட்டியது. ஆகவே, வாகனத் தரிப்பிடம், சந்தை, வாகனம் கழுவும் இடம் ஆகியவற்றின் நீரைக் குளத்துட் சேர்க்கலாகாது. பூங்காவிற் குளத்துக்கு நீர் வரும் பகுதிகளில் செயற்கை உரமும் களைகொல்லியும் பூச்சிகொல்லியும் இடுதல் கூடாது.

வேலையை எளிதாக்கக் கருதி, மழைநீரை வடிக்காமல் பாழ்ங்கிணற்றிலோ குழாய்க் கிணற்றிலோ நேரே விடுவோர் உளர். இஃது ஆபத்தானது. மண்ணில் வடிபடாத நீர் நோய்க் கிருமிகளை அயலிலுள்ள எல்லாக் கிணறுகளுக்கும் கொண்டு செல்லும்.

பராமரிப்பு

ஆண்டுதோறும் புரட்டாதிக்குள் வண்டற் குழியைத் துப்புரவாக்குக. குளத்தின் அடியில் வண்டல் ஓர் அங்குலம் படிந்திருப்பின், அதனை மண்வெட்டியாற் சுரண்டி அகற்றி, மண்ணைக் கொத்திவிடுக. ஒவ்வொரு பெருமழையின் பின்னும் குளம் எத்தனை நாளில் வற்றுகின்றது என்பதைப் புத்தகம் ஒன்றிற் குறித்துவருதல் வேண்டும். இரண்டு நாளில் வற்றிய குளம் நான்கு நாள் எடுக்குமாயின், அடி அடைபட்டுவிட்டது என்பது பொருள். அயற்கிணறு ஒன்றின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் மாதந்தோறும் அளந்து அதே புத்தகத்திற் குறித்தால், குளத்தின் பயனைப் பிறருக்கும் காட்டலாம்.

வரவும் செலவும்

மேற்கூறிய குளம் ஒரு மாரியிற் பத்துத் தடவை நிறைந்து வற்றுமாயின், 1,08,000 கன அடி, அஃதாவது ஏறக்குறைய 30 இலட்சம் லீற்றர் நீர் நிலத்துள் இறங்கும். இது பெருந்தொகையாகத் தோன்றும். இனிச் செலவைப் பார்ப்போம். ஒரு பரப்பு வெங்காயத்துக்கு ஓர் இறைப்பில் ஒன்றரை அங்குல நீர் விட்டால், 340 கன அடி செல்கின்றது. பயிர் முடியும்வரை 20 இறைப்பு எனின், 6,800 கன அடியாகும். ஆகவே, நகரப் பூங்கா ஒரு மாரி முழுவதும் சேர்த்த நீர், ஏறக்குறைய 16 பரப்பு வெங்காயத்தின் ஒரு போகத்துக்கே ஈடாகும். நிலத்துள் இறங்கிய நீரிலும் ஒரு பகுதி கடற்பக்கமாகக் கசிந்து செல்லும்.

இக்கணக்கு மனந் தளர்வதற்காக அன்று. குளம் வெட்டியாயிற்று, இனி இயந்திரத்தை நெடுநேரம் ஓடவிடலாம் என எவரும் எண்ணாதிருத்தற் பொருட்டே இது கூறப்பட்டது. பூங்காக் குளத்தோடு கமக்காரரும் தம் பங்கைச் செய்தல் வேண்டும்.

- வயல்களின் வரம்புகளை மாரிக்கு முன் உயர்த்திக் கட்டுக. காலபோகத்தில் வரம்புக்குள் நிற்கும் மழைநீர் நெல்லை வளர்ப்பதோடு நிலத்தையும் ஊட்டுகின்றது. பயிரிடாத வயலாயினும் வரம்பை உடையவிடாதீர்கள்.
- ஊர்க் குளங்களையும் தாழ்ந்த வயல்களையும் மண்ணிட்டு நிரப்புவதைத் தடுக்க முயல்க.
- பாத்தியின் தேவைக்கு மேல் இறைக்காதிருக்க. ஒரே கிணற்றில் ஒரே மூச்சாக இறைப்பதிலும், இடைவிட்டு இறைப்பது உவர் மேலெழுவதைக் குறைக்கும். வசதியுள்ளோர் தூவல் நீர்ப்பாசனத்தையோ சொட்டு நீர்ப்பாசனத்தையோ கைக்கொள்ளலாம்.
- யூரியா உரத்தைப் பயிருக்கு வேண்டிய அளவு மட்டும், பல தவணையாகப் பிரித்து இடுக. மிகுதி உரம் நைத்திரேற்றாகிக் கிணற்றைச் சேரும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் அறிவுரை. அதற்கு மேற்படின் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து உண்டாகும்.

முன்னோர் ஊர்தோறும் குளமும் கேணியும் துரவும் வைத்திருந்தனர். யாழ்ப்பாண நகரிலும் ஆரியகுளம், புல்லுக்குளம் முதலிய குளங்கள் இன்றும் உள்ளன. நகரத்தார் தம் பூங்காவில் ஒரு துளியும், கமக்காரர் தம் வரம்புக்குள் ஒரு துளியும் நிலத்துக்குக் கொடுப்பின், கோடையில் இரு பகுதியாரின் கிணறும் நன்னீராக இருக்கும்.

தம் ஊரிற் பொதுக் காணி உள்ள கமக்காரர் அமைப்புக்கள் வரும் மாரிக்கு முன்னரே மண்சோதனையையும் கிணற்று அளவையும் செய்து வைத்திருத்தல் நன்று. இவற்றைச் செய்யும் முறைபற்றி மேலும் அறிய விரும்புவோர் தங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி ஆலோசனை பெறலாம்.